ஜீ.எஸ்.பி. பிளஸும் வன்னியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், கடற்றொழில் சங்கங்கள், காணிக்காகவும் காணாமலாக்கப்பட்டவர்களுக்காகவும் போராடுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப நினைக்கும் சிறு உற்பத்தியாளர்கள் ஆகியோர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் எனப்படும் இறக்குமதி வரிச்சலுகை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

ஜீ.எஸ்.பி. பிளஸ் என்பது இலங்கையும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்ட ஒப்பந்தமா?

இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு. 1975இல் ஒரு வர்த்தக ஒத்துழைப்பு உடன்படிக்கை இருந்தது. 1995 ஏப்ரலில் பங்காளித்துவத்துக்கும் அபிவிருத்திக்குமான ஒத்துழைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ்தான் இரு தரப்பு அதிகாரிகளும் கூட்டு ஆணைக்குழுவாகக் கூடுகிறார்கள். நல்லாட்சி, சட்டவாட்சி, மனித உரிமை ஆகியவற்றுக்கு ஒரு செயற்குழு, வர்த்தகத்துக்கு ஒன்று, அபிவிருத்தி ஒத்துழைப்புக்கு ஒன்று என மூன்று செயற்குழுக்கள் உண்டு.

ஜீ.எஸ்.பி. பிளஸ் அப்படியல்ல. ஒன்றியம் தன் சொந்தச் சட்டத்தின்படி (2012ஆம் ஆண்டின் 978ஆம் இலக்க ஒழுங்குவிதி) ஒருதலையாகக் கொடுக்கும் சலுகை அது. இலங்கை விண்ணப்பித்துப் பெற்றது. நிபந்தனை மீறப்பட்டால் ஒன்றியம் தானே நிறுத்தலாம், அதற்கு இலங்கையின் சம்மதம் தேவையில்லை.

சலுகை என்றால் கணக்கில் எவ்வளவு?

ஐரோப்பிய சுங்கப் பட்டியலில் ஏறத்தாழ 66 வீதமான பொருள் வகைகளுக்கு வரி பூச்சியமாகிறது. பெரும்பாலான ஆடைகளுக்கு வழமையான வரி 12 வீதம். சாதாரண ஜீ.எஸ்.பி. (பிளஸ் இல்லாத, வளர்முக நாடுகளுக்கான பொதுவான சலுகை) இருந்தால் 9.6 வீதம். பிளஸ் இருந்தால் எதுவும் இல்லை. 10 யூரோ பெறுமதியான ஒரு சேட்டுக்கு 1.20 யூரோ, 0.96 யூரோ, பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரியைக் கட்டுவது இங்குள்ள தொழிற்சாலை அல்ல, அங்கே இறக்குமதி செய்பவர். ஆகவே மிச்சமாகும் காசு நேராக இலங்கைக்கு வருவதில்லை. விலை பேசும்போது கொள்வனவாளர் வேறு நாட்டுக்குப் போகாமல் இங்கேயே கட்டளை கொடுக்க அது ஒரு காரணமாகிறது. அதில் எவ்வளவு முதலாளிக்கு, எவ்வளவு மெசினில் இருப்பவருக்கு என்பதை ஒழுங்குவிதி தீர்மானிக்கவில்லை. சலுகை திரும்பக் கிடைத்தும் சம்பளம் ஏன் கூடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் நேர்மையான பதில்.

இங்கே தைக்கும் எல்லா உடுப்புக்கும் அது கிடைக்கிறதா?

கிடைப்பதில்லை. இலங்கையில் தைத்திருந்தால் மட்டும் போதாது. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் உள்ள பங்களாதேஷுக்கு ஒரு கட்டம் போதும்: துணியை இறக்குமதி செய்து வெட்டித் தைத்தாலே சலுகை உண்டு. இலங்கைக்குப் பொதுவாக இரண்டு கட்டம் வேண்டும். நூலை இறக்கலாம், ஆனால் துணியை இங்கே நெய்யவோ பின்னவோ வேண்டும், பிறகு இங்கேயே தைக்க வேண்டும்.

அதனால் பின்னல் துணியில் செய்யும் உள்ளாடை, ரீசேட், விளையாட்டு உடை போன்றவை இந்த நிபந்தனையை எளிதாகத் தாண்டுகின்றன. பின்னல் துணி ஆலைகள் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சீனத்திலிருந்து நெய்த துணி வரவழைத்துத் தைக்கும் காற்சட்டை பெரும்பாலும் முழு வரியோடுதான் ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. பிராந்தியக் கூட்டுச்சேர்ப்பு விதியின் மூலம் சில தெற்காசிய நாடுகளின் துணியையும் கணக்கில் சேர்க்க இடமுண்டு, ஆனால் அதற்கும் தனி ஆவணமும் நிபந்தனைகளும் உண்டு. ஆக, கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு தொழிற்சாலை இந்தச் சலுகையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், துணி எங்கிருந்து வருகிறது, உடுப்பு எந்த நாட்டுக்குப் போகிறது என்ற இரண்டையும் கேளுங்கள். அமெரிக்காவுக்குப் போகும் உடுப்புக்கு இந்தச் சலுகையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

27 உடன்படிக்கைகள் என்கிறார்களே, அவை எவை? காணாமலாக்கப்பட்டவர்கள் பற்றியது அதில் உண்டா?

ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகள் 7, சர்வதேச தொழில் அமைப்பின் அடிப்படைச் சமவாயங்கள் 8, சூழல் பற்றியவை 8, போதைப்பொருள் மற்றும் ஊழல் பற்றியவை 4. இவற்றை ஏற்றுக் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, நடைமுறைப்படுத்தவும் வேண்டும் என்பதே நிபந்தனை.

வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து எல்லோரையும் பாதுகாக்கும் சமவாயம் இந்த 27இல் இல்லை. 2021 செப்டெம்பரில் ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த, பட்டியலை 32 ஆக்கும் புதிய முன்மொழிவிலும் இல்லை. 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மாருக்கு இது மனத்தை நோகச் செய்யும் செய்தி என்பது தெரியும். ஆனால் வழி அடைபடவில்லை. குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை உயிர்வாழும் உரிமையைச் சொல்கிறது, 7ஆவது சித்திரவதையைத் தடுக்கிறது, 9ஆவது தன்னிச்சையான தடுத்துவைப்பைத் தடுக்கிறது. அந்த உடன்படிக்கை 27இல் உண்டு. படையினரிடம் கையளிக்கப்பட்டவர் எங்கே என்ற கேள்வியை இந்த மூன்று உறுப்புரைகளின் கீழ் வைத்தால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இலக்கம் குறிப்பிடாமல் எழுதிய கடிதம் அனுதாபத்தோடு வாசிக்கப்பட்டுக் கோப்புக்குள் போய்விடும்.

காணிக்கும் அதே முறைதான். கேப்பாப்புலவில் நடந்ததுபோல் படையினர் வசமுள்ள குடியிருப்புக் காணி பற்றி எழுதினால், அதே உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரையையும் (வீட்டில் சட்டமுறையற்ற தலையீடு) பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரையையும் (உறையுள்) குறிப்பிடுங்கள்.

புதிய முன்மொழிவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சமவாயமும், ஆயுத மோதலில் சிறுவர் பற்றிய நெறிமுறையும், தொழில் பரிசோதனை பற்றிய 81ஆம் சமவாயமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. போரில் காலோ கையோ பார்வையோ இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் முதலாவது மிக முக்கியமானது. அவர்களுடைய சங்கங்கள் இப்போதே தரவு சேர்க்கத் தொடங்குவது நல்லது.

2010இல் ஏன் நிறுத்தினார்கள்?

இலங்கை 2005இல் இந்தச் சலுகையைப் பெற்றது. 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை தொடங்கி, ஓராண்டில் அறிக்கை வெளியிட்டது. குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கை, சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைச் சமவாயம் ஆகிய மூன்றும் முறையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பது அதன் முடிவு. 2010 ஓகஸ்ட் 15இலிருந்து சலுகை நின்றது. 2017 மே 19இல் திரும்பக் கிடைத்தது.

அந்த ஏழு ஆண்டுகளில் ஆடை ஏற்றுமதி அடியோடு நின்றுவிடவில்லை, வன்னிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்ததும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். ஆகவே சலுகை போனால் மறுநாளே எல்லாம் மூடப்படும் என்று பயமுறுத்துவதும் சரியல்ல, போனாலும் ஒன்றும் நடக்காது என்பதும் சரியல்ல.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதில் எங்கே வருகிறது?

நடுவில் வருகிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அமைச்சரின் கட்டளையால் ஒருவரைத் தடுத்துவைக்க இடமளிக்கிறது. 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் ஏற்க இடமளிக்கிறது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 15ஆம் உறுப்புரையோடு அது நேராக மோதுகிறது. வன்னியில் எத்தனையோ குடும்பங்களின் ஆண்டுகளை விழுங்கியது இந்த 16ஆம் பிரிவுதான்.

2021 ஜூன் 10இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், இந்தச் சட்டத்தை நீக்கக் கோரியதோடு சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதற்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயுமாறு ஆணைக்குழுவைக் கேட்டது. 2022இல் வந்த திருத்தம் அமைச்சரின் தடுப்புக் கட்டளைக்கான உச்சக் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. 16ஆம் பிரிவு அப்படியே விடப்பட்டது. திருத்தம் வந்தது உண்மைதான், ஆனால் நோயின் வேர் தொடப்படவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

வன்னியிலிருந்து ஒரு சங்கமோ குடும்பமோ ஒன்றியத்திடம் எப்படி முறையிடுவது?

மூன்று வழி உண்டு, மூன்றையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, கொழும்பிலுள்ள ஒன்றியத் தூதரகமும், இடையிடையே வரும் கண்காணிப்புக் குழுக்களும். 2025 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அப்படியொரு குழு வந்து போனது. குழு வரும் செய்தி வந்தபிறகு ஆவணம் தேடினால் காலம் போதாது. சந்திப்பில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள், ஆங்கில மொழிபெயர்ப்போடு.

இரண்டாவது, ஐ.நா. உடன்படிக்கைக் குழுக்கள். ஒன்றியம் தானாக ஒரு நாட்டில் நீதிமன்றம் நடத்துவதில்லை. ஐ.நா. குழுக்களும் சர்வதேச தொழில் அமைப்பும் எழுதியவற்றையே முதன்மைச் சான்றாக எடுக்கிறது. 2023 மார்ச்சில் மனித உரிமைக் குழு இலங்கை பற்றி வெளியிட்ட இறுதி அவதானிப்புகள் அத்தகையவை. அந்தக் குழுக்களுக்கு மாற்று அறிக்கை (அரசின் அறிக்கைக்கு மாற்றாகச் சங்கங்கள் எழுதுவது) அனுப்பினால், உங்கள் ஊரின் பெயர் பிறகு ஒன்றியத்தின் அறிக்கைக்குள்ளும் வரக்கூடும். உடனே பலன் தெரியாது, ஆனால் நிலைக்கும்.

மூன்றாவது, 2020 நவெம்பரில் ஆணைக்குழு திறந்த ஒற்றை முறைப்பாட்டு வாயில். ஜீ.எஸ்.பி. நிபந்தனை மீறல்களையும் இணையத்தில் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டாளர் ஒன்றியத்துக்குள் நிலைகொண்டவராக இருக்க வேண்டும். முல்லைத்தீவில் உள்ள சங்கம் நேராகப் போட முடியாது. 2022இலிருந்து, ஒன்றியத்துக்குள் உள்ள அமைப்பொன்று வெளிநாட்டிலுள்ளவர்களுக்காக முறையிடலாம் என்று தெளிவாக்கப்பட்டது. பாரிஸிலோ ஜேர்மனியிலோ பதிவுபெற்ற புலம்பெயர் சங்கம் உறுதியாக உதவக்கூடிய இடம் இது. லண்டன் சங்கத்தால் இது முடியாது, பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டது.

குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்: சம்பவம் நடந்த திகதி, கிராம அலுவலர் பிரிவு, எந்த உடன்படிக்கை, எந்த உறுப்புரை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், வவுனியாவிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுப் பிராந்திய அலுவலகத்திலோ காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலோ கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம், அதற்கு என்ன பதில் வந்தது, அல்லது வரவில்லை. மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். இத்தனை ஆண்டில் எத்தனையோ தாய்மாரின் கையிலிருந்த ஒரே படமும் ஒரே பற்றுச்சீட்டும் ஏதோ ஓர் ஆணைக்குழுவின் பெட்டிக்குள் போய்த் திரும்பாமல் இருக்கின்றன. பெயரும் படமும் சேர்ப்பதற்கு முன் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சாட்சியின் பாதுகாப்பைவிட எந்த அறிக்கையும் பெரிதல்ல.

சலுகையை நிறுத்தச் சொல்வதா, வேண்டாமா? எங்கள் பிள்ளைகள்தானே வேலை இழப்பார்கள்?

ஒரே வீட்டில் ஒரு மகன் காணாமலாக்கப்பட்டிருக்கிறான், மகள் காலை வெள்ளாப்பில் தொழிற்சாலை பஸ் ஏறுகிறாள். அந்த வீட்டுத் தாயிடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நடைமுறையைப் பார்த்தால், நிறுத்தம் திடீரென்று வருவதில்லை. ஆணைக்குழு அறிவித்தல் வெளியிட்டதும் அரசாங்கத்துக்குப் பதிலளிக்க ஆறு மாதம்வரை அவகாசம் உண்டு. பிறகு மூன்று மாதத்துக்குள் முடிவு. நிறுத்துவதென்று முடிவானாலும் ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அழுத்தம் உண்மையில் வேலை செய்வது அந்தக் காலத்தில்தான். எனவே வெறுமனே “நிறுத்து” என்பதைவிட, எந்தப் பிரிவை எந்தத் திகதிக்குள் நீக்க வேண்டும் என்று கேட்பதே பலமான கோரிக்கை என்று நினைக்கிறோம்.

தொழிற்சாலையில் உள்ள பிரச்சினைக்கு ஒன்றியம் வரை போக வேண்டுமா?

முதலில் மாவட்டத் தொழில் அலுவலகம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளச் சீட்டை மாதாமாதம் வைத்திருங்கள். அதிகம் பிழை நடப்பது ஆள் சேர்த்துக் கொடுக்கும் முகவர்கள் மூலம் எடுக்கப்பட்ட நாட்சம்பளக்காரருக்குத்தான்: சேமலாப நிதி இலக்கமே இருக்காது. சங்கம் சேர்ந்ததற்காக நிறுத்தினால் அது 87ஆம், 98ஆம் தொழில் சமவாயங்களோடு சம்பந்தப்பட்டது. அப்போது மேலே சொன்ன வழிகளும் திறக்கும்.

மீனுக்கு ஒரு தடவை தடை வந்ததே, அது இதனாலா?

இல்லை, அது வேறு சட்டம். சட்டவிரோத, அறிக்கையிடப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடிக்கு எதிரான 1005/2008 ஒழுங்குவிதி. 2012 நவெம்பரில் மஞ்சள் அட்டை (எச்சரிக்கை), 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை (தடைக்கான முன்மொழிவு), 2015 ஜனவரியில் தடை, 2016 ஜூனில் நீக்கம். காரணம் முல்லைத்தீவுக் கரைவலையோ சிறு படகோ அல்ல. ஆழ்கடலுக்குப் போன பலநாட் கலங்களைக் கண்காணிக்கவும் தண்டிக்கவும் இருந்த ஏற்பாடு போதவில்லை என்பதே. விலை விழுந்தபோது அடி எல்லாக் கரையிலும் பட்டது.

சிறு படகுக்காரர் இன்று கவனிக்க வேண்டியது: ஒன்றியத்துக்குப் போகும் கடல்மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். 12 மீற்றருக்குக் குறைந்த, இழுவை வலை இல்லாத படகுகளுக்கு எளிமையான படிவம் உண்டு. ஏற்றுமதியாளர் பல படகுகளை ஒரே தாளில் நிரப்புகிறார், ஒவ்வொன்றின் பதிவு இலக்கத்தோடு. உங்கள் படகு பதிவில்லையென்றால், அல்லது அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், உங்கள் மீன் அந்தத் தாளில் ஏறாது. சம்மாட்டி உள்ளூர் விலைக்கே எடுப்பார்.

சூரை வகை மீனுக்கு இன்னொன்று. வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஏறும், சமைத்தாலும் போகாது. ஒன்றியத்தில் ஒன்பது மாதிரி எடுத்து, சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, ஒன்றுகூட 200ஐத் தாண்டக்கூடாது என்று பார்க்கிறார்கள். பிடித்த உடனே, மீனுக்குச் சம நிறை ஐஸ் போடுங்கள். கரைக்கு வந்தபின் போடும் ஐஸ் ஏறிய ஹிஸ்டமினைக் குறைக்காது.

பழம், மரக்கறி, தேங்காய் அனுப்பினால் சலுகை உண்டா?

தேங்காய்க்கு அங்கே எந்த நாட்டுக்கும் வரி இல்லை, ஆகவே சலுகையால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உண்மையான தடை தாவர நோயும் பூச்சிமருந்து எச்சமும்தான். 2019 டிசெம்பரிலிருந்து, அன்னாசி, தேங்காய், வாழை, டூரியன், பேரீச்சை தவிர்ந்த எல்லாப் பழங்களுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கட்டாயம். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கடைக்காரர் தந்த மருந்தைப் பெயர் தெரியாமல் அடித்தால் இந்த வரம்பில் நிற்க முடியாது. அடித்த மருந்து, அளவு, திகதி மூன்றையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.

பனையோலைப் பெட்டி கொஞ்சம் அனுப்ப வேண்டும். பெரிய கம்பனிபோல் பதிய வேண்டுமா?

ஒரு பொதியின் பெறுமதி 6,000 யூரோவைத் தாண்டாவிட்டால் ரெக்ஸ் எனப்படும் பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் இலக்கம் தேவையில்லை. விலைப்பட்டியலில் மூலக்கூற்றை (பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று சொல்லும் கூற்று) நீங்களே எழுதலாம். அதற்கு மேல் என்றால் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தில் பதிந்து இலக்கம் எடுக்க வேண்டும். கூற்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஸ்பானியத்திலோ விதித்த வாசகத்தில் இருக்க வேண்டும், 12 மாதம் செல்லும்.

அதிகம் பிழை நடப்பது அந்தக் கூற்றில் போடும் எழுத்தில். முழுக்க இங்கே விளைந்ததற்கு ஆங்கில ‘பி’ எழுத்து. வெளிநாட்டுப் பொருள் சேர்ந்து இங்கே போதிய அளவு வேலை செய்யப்பட்டதற்கு ‘டபிள்யூ’, அதோடு நான்கு இலக்கச் சுங்கக் குறியீடு, கூடை பெட்டிக்கு 4602. ஓலை நம்முடையதென்று எல்லோரும் ‘பி’ போடுகிறார்கள். சாயமோ கைபிடியோ இறக்குமதிப் பொருளென்றால் அது ‘டபிள்யூ’. பிரதிகளை அந்த ஆண்டு முடிந்து மூன்றாண்டுக்கு வைத்திருங்கள், அங்கிருந்து சரிபார்க்கக் கேட்பார்கள்.

சுவிஸ், நோர்வே, லண்டனுக்கு அனுப்பினால்?

மூன்றும் ஒன்றியத்தில் இல்லை. சுவிற்சர்லாந்துக்கும் நோர்வேக்கும் தனித்தனி ஜீ.எஸ்.பி. உண்டு, ஆனால் அதே ரெக்ஸ் முறையை ஏற்கின்றன. பிரித்தானியாவில் 2023 ஜூன் 19இலிருந்து வளர்முக நாடுகளுக்கான தனித் திட்டம் நடக்கிறது, இலங்கை அதன் மேம்பட்ட பிரிவில் இருக்கிறது. அதற்கு ரெக்ஸ் வேண்டாம், மூலப் பிரகடனம் போதும்.

வீட்டுத்திட்டமும் கண்ணிவெடி அகற்றலும் இந்தச் சலுகையில் வந்தவையா?

இல்லை. அவை அபிவிருத்தி உதவி. சலுகை நிறுத்தப்பட்டிருந்த ஆண்டுகளிலும் ஒன்றியத்தின் பணத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகள் கட்டப்பட்டன.

இது எத்தனை காலத்துக்கு?

2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் காலம் 2027 டிசெம்பர் 31 வரை நீட்டப்பட்டது. புதிய ஒழுங்குவிதியின் கீழ் இலங்கை திரும்ப விண்ணப்பிக்க வேண்டிவரும், அப்போது நிலுவையில் உள்ள ஒவ்வொரு உறுதிமொழியும் மேசைக்கு வரும். இன்னொரு வாசலும் உண்டு: உலக வங்கிக் கணக்கில் ஒரு நாடு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மேல்நடுத்தர வருமான நாடாக இருந்தால் சலுகைக்கான தகுதி போய்விடும். 2019இல் இலங்கை அந்த நிலைக்கு ஏறி, 2020 ஜூலையில் இறங்கியது. விண்ணப்பத்துக்கு முந்திய மாதங்களே சங்கங்கள் தங்கள் குறிப்புகளை அனுப்ப மிகச் சரியான காலம். முல்லைத்தீவு, கிளிநொச்சிச் சங்கங்கள் தனித்தனியாக அனுப்பாமல், ஒரே உறுப்புரையின் கீழ் வரும் சம்பவங்களை ஒன்றாகத் தொகுத்து அனுப்புங்கள்.